ஒறுத்தலில் போன குளுக்கோஸ்

1. முறைத்த பெண்

கிளினிக்கில் மாலைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது கபடி மாஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"சிஸ்டர், ஜெனி ஒரு மாதிரி கீது. ரெய்டு போடின்னா நம்ம டீம் பக்கமே திரும்பிப் பாடிகினு வர்து. வெளையாட்டுக்குப் பண்றான்னு ரெண்டு திட்டு வேற திட்டிட்டேன்."

"சுகர் மீட்டர்ல பார்த்தீங்களா மாஸ்டர்?"

"இப்பதான் பாத்தேன். அம்பத்திரண்டு."

"ரொம்ப இறங்கிடுச்சே! குளுக்கோஸ் அவ பையிலேயே இருக்குமே!"

"கீது. கரைச்சிக் குடுத்தா பல்லக் கடிச்சிகினு மூஞ்சத் திருப்புது."

"முழிப்பா இருக்காளா? எச்சில் முழுங்கறாளா?"

"முழிப்பாவா? என்னையே மொறைக்கிறா சிஸ்டர்!"

"முறைச்சா நல்லது. நிமிர்த்தி உட்கார வச்சு, ஃப்ரெண்டை விட்டு அதட்டிக் குடிக்க வைங்க. மயங்கிட்டா மட்டும் வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்."

போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் ஜெனியின் குரலே கேட்டது. "எதுக்கு எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

நான் கரையான்சாவடியில் ஒரு சர்க்கரை கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டைப் ஒன் சர்க்கரை வந்த பிள்ளைகளுக்கு ஊசி, சாப்பாடு, விளையாட்டு மூன்றையும் எப்படி ஒத்துப்போக வைப்பது என்று சொல்லித்தருவதுதான் அப்போது என் வேலையின் பெரும்பகுதி. ஜெனி பத்தாம் வகுப்பு. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குடும்பம் குவார்ட்டர்ஸில். முத்தாபுதுப்பேட்டை மைதானத்தில் தினம் கபடி. மாவட்ட அணிக்கான செலக்ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் பெயர் வரவேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.

2. சுண்டல்

மறுநாளே அவள் அம்மா ஆரோக்கியமேரி பெண்ணை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"போதும் சிஸ்டர். இனிமே கிரவுண்டும் வாணாம், கபடியும் வாணாம். இவ உசுரோட ஊட்டுல இருந்தா அது போதும் எனக்கு."

ஜெனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது, துடைக்கவில்லை.

எனக்குக் கோபம் பெண் மேலும் இல்லை, அம்மா மேலும் இல்லை. காரணம் பிடிபடவில்லையே என்றுதான் எரிச்சல். கொஞ்ச நாளாகவே மைதானத்தில் அவளுக்கு அடிக்கடி சுகர் இறங்கி லோ ஆகிக்கொண்டிருந்தது. டாக்டர் ஆட்டத்துக்கு முந்தின இன்சுலின் டோஸைக் குறைத்துப் பார்த்தார். ஓடப்போகும் காலில் ஊசி போட்டால் மருந்து சீக்கிரம் ஏறும், அதனால் வயிற்றில்தான் போடுகிறாளா என்று கேட்டேன். வயிற்றில்தான் போட்டாள். மைதானத்தில் இறங்குமுன் மீட்டர் பார்க்கிறாளா? பார்க்கிறாள். அப்புறம் எங்கேதான் இடிக்கிறது?

"அவ மேல தப்பே இல்ல சிஸ்டர்" என்று அம்மாவே விட்டுக்கொடுக்காமல் பேசினாள். "எவ்ளோ கட்டுப்பாடு தெரியுமா? தவக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒறுத்தல்னு இனிப்பையே தொடல. எங்க அன்பியத்து ஜெபக் கூட்டத்துல எல்லாரும் மெச்சிக்கினாங்க. சக்கரைக்கும் நல்லதுதானேன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

என் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஜெனி, இங்க பாரு. குளுக்கோஸையும் விட்டுட்டியா?"

அவள் தலையைக் குனிந்தாள். "அதுவும் இனிப்புதானே சிஸ்டர். செலக்ஷன் கிடைக்கணும்னு மாதாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்குப் பதிலா சுண்டல் சாப்பிட்டேன்."

"சுண்டலா!"

சுண்டல் நல்ல பண்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் லோவுக்கு அது மாட்டுவண்டி. அது வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேருவதற்குள் பெண் மண்ணில் சாய்ந்துவிடுவாள்.

ஆரோக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்போ ஊசியையும் ஒறுத்தல்ல விட்டுடேன், இன்னும் விசேஷமா இருக்கும்" என்று கத்தியே விட்டேன். ஜெனி விசும்பத் தொடங்கியதும் என் குரல் தானே இறங்கிவிட்டது. "கேளும்மா. ஆசைக்குத் தின்றதைத்தான் ஒறுத்தல்ல விடறது. இது மருந்து. உனக்கு அப்படியும் ஏதாவது விடணும்னா செல்போனை விடு."

"சிஸ்டர், அது ரொம்ப ஓவர்" என்றாள் அழுகையோடே. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வாக்கு விஷயத்தில் என் பேச்சு மட்டும் அவளுக்குப் போதவில்லை. சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவரும் மருந்தை விடுவது ஒறுத்தலில் சேராது என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கே கிளினிக்கில் ஒரு மாற்றம் செய்தோம். 'லோ ஆனால் இனிப்புச் சாப்பிடு' என்று சொல்வதை நிறுத்தினோம். குளுக்கோஸுக்கு 'லோ மருந்து' என்று பெயர் வைத்தோம். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் 'சுகர் பிள்ளைக்கு இனிப்பா' என்று தட்டிப் பறிப்பதும் அதோடு குறைந்தது.

ஆரோக்கியமேரி மட்டும் முழுசாக இறங்கி வரவில்லை. "இந்த செலக்ஷன் ஒண்ணு. அங்கயும் இப்படி ஆச்சுன்னா அதோட கபடிக்கு முழுக்கு" என்றாள். நானும் கூடவே வருவதாகச் சொன்னேன்.

3. வெளியே உட்கார்ந்தவள்

செலக்ஷன் அன்று ஆட்டத்துக்கு முன் மீட்டர் இருநூற்று அறுபது காட்டியது. ஆரோக்கியமேரி ஊசியை எடுத்துவிட்டாள்.

"உள்ள வைங்க" என்றேன். "கீட்டோன் விஷம் சேர்ந்திருக்கான்னு பார்த்தாச்சு, இல்ல. காலையில சாப்பாடு, ஊசி எல்லாம் சரி. இது பயத்துல ஏறின சுகர். இப்ப ஊசி போட்டா பாதி ஆட்டத்துல சடார்னு இறங்கிடும். தண்ணி குடிக்கட்டும், ஆடட்டும்."

ஊசி போடாமலே, ஆட்டம் சூடு பிடித்ததும் சுகர் இறங்கியது. யாரும் சொல்லாமல், ஜெனியே கையைத் தூக்கி வெளியே வந்தாள். விரலைக் குத்தினாள், அறுபத்தைந்து. தேர்வாளர்கள் பார்க்க, எதிரணி பார்க்க, குளுக்கோஸை மடமடவென்று குடித்தாள்.

"இன்னாடி அது, ஊக்க மருந்தா?" என்றாள் எதிரணிப் பெண் ஒருத்தி.

"லோ மருந்து. உனக்கும் வேணுமா?" என்றாள் ஜெனி.

குடித்ததும் ஓடிவிட முடியாது. கால் மணி நேரமாவது உட்கார்ந்து, திரும்பப் பார்த்து, ஏறியிருந்தால்தான் உள்ளே. அவளுடைய இடத்தில் வேறொரு பெண் இறங்கி இரண்டு பாயின்ட் எடுத்தாள். ஜெனியின் முழங்கால் துடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் எழவில்லை. இத்தனை வருஷ வேலையில் எனக்குப் பெருமையாக இருந்த நிமிஷங்களில் அது ஒன்று.

மறுபடி பார்த்தபோது நூற்றுப் பதினெட்டு. மாஸ்டர் தயங்கினார். "இன்னிக்கு ஒக்காரட்டுமே சிஸ்டர், ரிஸ்க் எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியமேரி முந்திக்கொண்டாள். "இன்னாத்துக்கு மாஸ்டர் ஒக்காரணும்? அதான் ஏறிடுச்சே. உள்ள அனுப்புங்க!"

மிச்ச ஆட்டத்தில் ஜெனி போன ரெய்டு ஒன்றுகூட வெறுங்கையோடு திரும்பவில்லை. மாலையில் வாசித்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுகர் இருக்கும் பிள்ளைகளை விளையாட விடலாமா என்று பெற்றவர்கள் கேட்பார்கள். தாராளமாக விடச் சொல்லுங்கள். முன்னே பார்க்கணும், நடுவே பார்க்கணும், ராத்திரி படுக்குமுன் கட்டாயம் பார்க்கணும், ஆடின களைப்பில் தூக்கத்தில்கூட இறங்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் எதை விரதம் இருக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மீட்டர் அதைச் சொல்லாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெனி அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்குகிறவளின் விரலைப் பிடித்து ஒருமுறை குத்திப் பார்த்தாள் ஆரோக்கியமேரி. சரியாக இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அடுத்த மேட்ச் எங்க சிஸ்டர்? வெளியூர்னா நானும் கூடப் போலாம்ல?"