சூடாக்கினால் எடை கூடுமா?

கோட்டைமேட்டில் பிறந்தநாள் கேக் என்றால் ஜன்னத்திடம்தான் சொல்வார்கள். வீட்டிலேயே ஓவன் வைத்துப் பதினோரு வருடமாகச் செய்கிறாள். ப்ளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள். அந்தக் காலத்தில் அவள் கேட்டது சயின்ஸ் குரூப். 'இருக்கிற சீட்டெல்லாம் முடிஞ்சுது' என்று பள்ளியில் கைவிரித்தார்கள். பிறகு வந்த மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சீட்டு எங்கிருந்து முளைத்தது என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அதனால் மகள் இல்மா பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் எடுத்தபோது வீட்டில் அதிகம் மகிழ்ந்தவள் அவள்தான்.

அந்த இல்மா ஒரு புதன்கிழமை, மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் தன் பள்ளியிலிருந்து முகம் சிவந்து வந்தாள். கையில் ஒரு தாள். 'ஆசிரியரை எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"என்ன கண்ணு பேசுன?"

"நோட்ஸ் தப்புன்னு சொன்னேம்மா. அவ்வளவுதான். சார் பீரியட் பூரா நிக்க வெச்சுட்டாரு."

எட்டரை கிராம்கூட வராத, எட்டுப் புள்ளி நாலு கிராம் ஆப்பசோடாவைச் சூடாக்கினால் சலவைச் சோடா எத்தனை கிராம் கிடைக்கும்? இதுதான் கேள்வி. பள்ளி கொடுத்த நோட்ஸில் விடை பத்துப் புள்ளி ஆறு. இல்மா எழுதியது ஐந்து புள்ளி மூன்று. மூன்று மார்க் கேள்விக்குச் சுழி.

ஜன்னத் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். வேதியியல் புரியவில்லை. ஆனால் எடை புரிந்தது. "எட்டு கிராம அடுப்புல வெச்சா பத்து கிராம் வருமா? என் ஓவன்ல வெச்ச எதுவும் இதுவரைக்கும் எடை கூடுனதில்லையே!"

"அதாம்மா நானும் கேட்டேன்."

அப்புறம் இல்மா விளக்கினாள். மோல் என்பது ஓர் எண்ணிக்கை. கண்ணுக்குத் தெரியாத துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அதனால் சில்லறைக் காசை எடை போட்டு எண்ணுவதுபோல எடையை வைத்து எண்ணுகிறோம். ஆப்பசோடா எண்பத்து நாலு கிராம் இருந்தால் ஒரு மோல். தண்ணீர் சேராத சலவைச் சோடாவுக்கு நூற்றாறு கிராம். சூடாக்கும்போது இரண்டு ஆப்பசோடா சேர்ந்துதான் ஒரு சலவைச் சோடா ஆகிறது. மிச்சம் ஆவியாகவும் வாயுவாகவும் போய்விடுகிறது. அப்படியானால் ஒரு மோலுக்குக் கிடைப்பது அரை மோல். நோட்ஸ் எழுதியவர் அந்த 'இரண்டை' மறந்துவிட்டார்.

"அப்ப எண்பத்து நாலு போட்டா அம்பத்து மூணு வரணும்?"

"ஆமா."

ஜன்னத் தராசை எடுத்தாள். எண்பத்து நாலு கிராம் ஆப்பசோடாவைத் தட்டில் பரப்பி, இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாள். ஆறியதும் எடை போட்டால் ஐம்பத்தாறு. இல்மாவின் முகம் வாடியது. "இன்னும் வேகல போல. இரு," என்று ஜன்னத் அதைக் கிளறிவிட்டு இன்னொரு அரைமணி நேரம் வைத்தாள். ஐம்பத்து மூன்று. மறுபடி வைத்துப் பார்த்தாள். அதற்குமேல் இறங்கவில்லை.

கடையிலிருந்து வந்த கணவர் அப்துல் முத்தலிப் தாளைப் பார்த்தார். "மூணு மார்க்குத்தானே? கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு. எதுக்கு வம்பு?"

"மார்க்குக்கு இல்லீங்க. சரியாச் சொன்ன புள்ள எதுக்கு மன்னிப்புக் கேக்கோணும்?"

மறுநாள் காலை, சூடாக்காத எண்பத்து நாலு கிராம் ஒன்றிலும் சூடாக்கிய ஐம்பத்து மூன்று இன்னொன்றிலுமாக இரண்டு டப்பாக்களையும் தராசையும் எடுத்துக்கொண்டு ஜன்னத் பள்ளிக்குப் போனாள். துணை முதல்வர் பிரவீனா டப்பாக்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இது கிச்சன் இல்லீங்க."

"எடை எங்க போட்டாலும் எடைதானுங்க, மேடம்."

"நூத்தி எண்பது பசங்க நோட்ஸ்ல இருக்கறத எழுதியிருக்காங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் மாத்தி எழுதியிருக்கா."

"அப்ப நூத்தி எண்பது பேருக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துப்போட்டீங்க. அதையா பெருமையாச் சொல்றீங்க?"

வேதியியல் ஆசிரியர் சரவணனை வரச் சொன்னார்கள். இளைஞர்; சட்டைப் பையில் நான்கு பேனா. ஜன்னத் டப்பாக்களைக் காட்டவே இல்லை. "சார், நீங்க சொல்லுங்க. எது சரி?"

அவர் பிரவீனாவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "இல்மா எழுதினதுதாங்க சரி."

"இது எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

"நோட்ஸ் வந்த அன்னிக்கே. விடைக்குறிப்பு ஹெட் ஆபீஸ்ல இருந்து வருதுங்க. அதுல இருக்கறதுக்குத்தான் மார்க் போடோணும்னு சொல்லியிருக்காங்க."

அதுவரை ஜன்னத்துக்கு இருந்தது கோபம்தான். இதைக் கேட்டதும் உடம்பு எரிந்தது. தெரியாமல் தப்புச் செய்தவரை மன்னிக்கலாம். தெரிந்தே தன் பிள்ளையை வகுப்பில் நிற்க வைத்தவரை என்ன செய்வது? அந்த மன்னிப்புத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினாள்: 'என் மகள் எழுதிய விடை சரி. ஆசிரியரும் ஒப்புக்கொண்டார்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இதை ஃபைல்ல வையுங்க, மேடம்."

ஒரு வாரம் கழித்து மூன்று மார்க் ஏறியது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: 'அச்சுப்பிழை. 10.6 என்பதை 5.3 எனத் திருத்திக்கொள்ளவும்.' இல்மாவின் பெயர் இல்லை. வருத்தம் என்ற சொல்லும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் நோட்ஸில் 10.6-ஐ அடித்துவிட்டு 5.3 என்று எழுதிக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த மாதத் தேர்வில் அதே கேள்வியில் எடையை மட்டும் இரட்டிப்பாக்கி, பதினாறு புள்ளி எட்டு என்று கேட்டிருந்தார்கள். இந்தமுறை பத்துப் புள்ளி ஆறுதான் சரியான விடை. வகுப்பில் பாதிக்குமேல் 5.3 என்று எழுதியிருந்தார்கள்.

இல்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஜன்னத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தனை புள்ளைங்கள இப்படிப் பாழாக்குவாங்க?" என்று கிரீம் அடித்துக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வீசினாள்.

அதன்பிறகு சரவணன் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் நோட்ஸை மூடிவைத்துவிட்டு, மோல் கணக்கைக் கரும்பலகையில் முதலிலிருந்து போட்டுக் காட்ட ஆரம்பித்தார். பெற்றோர் கூட்டத்தில் ஜன்னத்தைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். இவளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

"இப்ப நல்லாச் சொல்லிக் குடுக்கறாருமா. பாவம், அவரும் என்ன செய்வாரு?" என்றாள் இல்மா, பஸ்ஸில்.

"நல்லாச் சொல்லிக் குடுக்கட்டும்," என்றாள் ஜன்னத். "உன்ற கிட்ட 'தப்புத்தான்'னு ஒரு வார்த்தை சொன்னாரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"