பஸ்ஸில் பிடிபட்ட பாட்டில்

கல்யாணமான வருஷமே எனக்கு நாள் தள்ளிப்போனது. கரு தங்கியிருந்தால், நஞ்சுக்கொடியாக வளரப்போகிற திசு அப்போதே ஒரு ஹார்மோனைச் சுரக்கும், அது விடிகாலைச் சிறுநீரில் தெரியும், பாண்டி லேபுக்குக் கொண்டு போ என்றார் நர்ஸம்மா. வீட்டில் கழுவி வைத்திருந்தது என் கணவரின் பிராந்தி பாட்டில் ஒன்றுதான். அதில் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மடுகரையில் பஸ் ஏறினேன்.

மடுகரையும் பாண்டியைச் சேர்ந்த ஊர்தான்; ஆனால் எங்கள் பஸ் பாண்டிக்குப் போகிற வழியில் கொஞ்ச தூரம் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வரும். அங்கே அப்போது மதுவிலக்கு. எல்லையில் ஏறிய போலீஸ்காரர் என் பையைத் துழாவிப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

"இன்னாம்மா இது?"

முன் சீட்டிலிருந்து என் மாமனாரின் தம்பி திரும்பிப் பார்த்தார். பஸ் முழுக்க எங்கள் ஊர் ஆண்கள். மூத்திரம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"பிராந்திங்க" என்றேன்.

அந்த ஆள் மூடியைத் திறந்தபோது மோந்து பார்த்திருந்தாலே போதும். பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு, "பொம்பளையாச்சேன்னு வுடறேன்" என்றார்.

நான் பிராந்தியோடு பிடிபட்டது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தாரே தவிர, யாரிடமும் போய் எடுத்துச் சொல்லவில்லை.

குழந்தை பிறந்ததும் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, துணியை விலக்கிக் கை கால்களைத் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லடி, குடிச்ச வயித்துல நல்லாத்தான் பொறந்திருக்குது" என்றாள்.

அப்போதும் அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.