உள்ளிப் பாத்தி இடம் மாறிய கதை

1. மஞ்சளாய்ப் போன தாள்

ஜெர்மனியில் ஒரு செடி நர்சரியில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்த நான், இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வீட்டுத் தோட்ட வேலையைச் சொந்தமாகத் தொடங்கினேன். ஒரு பழைய வான், மண் கிளற ஒரு ஃபோர்க், ஒரு மண்வெட்டி. தமிழ்க் கடைக் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டியிருந்தேன். முதலில் கூப்பிட்டவர் பிளேஸ்டோவில் இருந்த சிவபாலன் அண்ணை. பஸ் ஓட்டுபவர்.

"தங்கச்சி, கெதியா வாங்கோ. உள்ளி எல்லாம் சாகுது" என்றார் போனில். குரலைக் கேட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி மலர் அக்கா. "வாங்கோ பிள்ளை. பார்த்திட்டு எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ. வாற மாதம் பின்வளவு முழுக்கச் சீமெந்து போட ஆள் வருது" என்றார்.

பின்பக்கம் மூன்று பாத்திகள். இடது பக்கம் அண்ணையின் உள்ளி, அதுதான் வெள்ளைப் பூண்டு. வலது பக்கம் அக்காவின் கீரையும் கொத்தமல்லியும். பின்வேலியோரம் உருளைக்கிழங்கு. அண்ணை ஒருமுறை களை என்று நினைத்துக் கொத்தமல்லியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒருவர் பக்கத்தில் மற்றவர் கால் வைப்பதில்லை.

உள்ளித் தாளெல்லாம் மஞ்சளாய்ப் போயிருந்தது. நான் ஒன்றைக் கிளப்பினேன். வேர் இல்லை. அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சணம். அதற்குள் கடுகை விடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். வெள்ளை அழுகல் நோய்.

"அண்ணை, ஒவ்வொரு வருஷமும் இதிலதான் வைக்கிறனீங்களோ?"

"ஓம். வெயில் விழுற இடம் இதுதானே."

"இந்தக் கறுப்புப் புள்ளிதான் நோயின்ர விதை. கனகாலம் மண்ணுக்குள்ள கிடக்கும். மருந்தும் இல்லை. இதில இனி உள்ளியோ வெங்காயமோ வைக்கேலாது."

மனிதர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் குந்திவிட்டார். நாள் முழுக்கச் சனத்தின் சத்தத்துக்குள் பஸ் ஓட்டிவிட்டு வருபவருக்கு அந்தப் பாத்திதான் மூச்சு விடும் இடம். டிப்போவில் எல்லாரும் அவரை 'கார்லிக்' என்றுதான் கூப்பிடுவார்களாம். சீமெந்து போட்டால் அதுவும் போய்விடும்.

2. எல்லை தாண்டல்

அன்றே இருவரையும் குசினி மேசையில் இருத்திக் கதைத்தேன். குளிர்காலம் முழுக்க நிலத்தில் நிற்கும் பயிர்களை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உள்ளி வெங்காயம் ஒன்று, முட்டைக்கோஸ் என்கிற கோவாவும் கேல் கீரையும் ஒன்று, புரோட் பீன்ஸ் அவரை ஒன்று. ஒரு குடும்பம் இந்த வருஷம் நின்ற பாத்தியில் அடுத்த வருஷம் நிற்கக்கூடாது. நோய்க்குத் தீனி கிடைக்காது, மண்ணும் களைக்காது. சொல்ல லேசு. ஆனால் வெயிலும் நல்ல மண்ணும் சேர்ந்திருந்த இன்னொரு பாத்தி அக்காவின் வலது பக்கம்தான்; பின்வேலியோர மண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் எருப் போட வேண்டியிருந்தது.

"என்ர பக்கமோ? ஏலாது" என்றார் அக்கா. பிறகு, "அப்ப இவரின்ர பக்கத்தில என்ன வரும்?" என்று கேட்டார்.

"புரோட் பீன்ஸ். இந்த நோய் பீன்ஸைத் தொடாது. பீன்ஸ் வேர் மண்ணுக்குச் சத்தும் விட்டிட்டுப் போகும். உங்கட கோவா முதல் வருஷம் பின்வேலியோரம் நிக்கட்டும். அடுத்த வருஷம் பீன்ஸ் நிண்ட இடத்தில வையுங்கோ, நல்லா உருளும்."

கோவா வைக்க அக்காவுக்குக் கனநாள் ஆசை; அந்தப் பேரைக் கேட்டதும் முகம் இளகியது. "சரி. ஒரு வருஷம் தாறன். சீமெந்துக்காரரைப் பிறகு வரச் சொல்லுறன்."

ஒக்டோபரில் நடுகை. பழைய பாத்தி மண் ஒட்டிய சப்பாத்தோடு மற்றப் பாத்திகளுக்குள் போனால் நோயும் கூடப் போகும் என்று சொல்லியிருந்தேன். அக்கா பிரஷும் தண்ணி வாளியுமாக நடுவில் நின்றார்.

"காலைத் தூக்குங்கோ. அடியைக் காட்டுங்கோ."

"எயார்போர்ட்டில கூட என்னை இப்பிடிச் சோதிக்கேல்லை" என்றார் அண்ணை. ஆனாலும் காலைத் தூக்கினார்.

ஜனவரியில் ஒருநாள் பெருங்காற்று. "பீன்ஸ் எல்லாம் படுத்திட்டுது தங்கச்சி" என்று போன். நான் போய்ச் சேர்ந்தபோது, அண்ணை தடி ஊன்றிக்கொண்டிருந்தார். அக்கா மழைக்கோட்டோடு கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் இறுக்கும்" என்று அண்ணையும், "இறுக்கினா முறியும், பேசாமல் கட்டுங்கோ" என்று அக்காவும் சண்டை வேறு. எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

3. நல்ல விளைச்சலின் பிறகு

பீன்ஸ் முதலில் வந்தது. அக்கா அதைத் தேங்காய்ப் பால்கறி வைத்து எனக்கும் ஒரு பெட்டியில் தந்தார். ஜூலையில் உள்ளி கிளப்பினோம். வேர் வெள்ளை வெளேரென்று, ஒன்றிலும் பூஞ்சணம் இல்லை. அண்ணை முதல் உள்ளியைக் கையில் உருட்டிப் பார்த்தார். மண்ணைத் தட்டி அக்காவிடம் கொடுத்தார். அன்று பின்னேரமே சீமெந்துக்காரருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னவர் அக்காதான்.

அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஒக்டோபரில் உள்ளியைப் பின்வேலியோரத்துக்கு மாற்றப் போனால், அக்கா தன் பாத்தி ஓரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ளி இனி என்ர பக்கம்தான். எவ்வளவு வடிவா வந்தது! ஏன் மாத்த வேணும்?"

நான் வாய் திறக்க முன்னமே அண்ணை, "நானும் இப்பிடித்தான் சொல்லிச் சொல்லி ஒரே பாத்தியில வைச்சு அழுக விட்டனான்" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, விதைக்கென்று எடுத்து வைத்திருந்த உள்ளிப் பற்களை அள்ளிக்கொண்டு தானே பின்வேலிப் பக்கம் நடந்தார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பயிர் அழிந்த வீட்டில் பாத்தியை மாற்றச் சொல்வது லேசு, சனம் உடனே கேட்கும். நல்லாய் விளைந்த வருஷத்துக்கு அடுத்த ஒக்டோபரில்தான் நீங்கள் கட்டாயம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.