கரிக்கல்லை நீலமாக்கிய டார்ச்

ஷவேஜிக்குக் கல் பார்க்கத் தெரியாது. தான்சானியாவின் துந்துரு ரத்தினக்கல் சந்தையில் டீ விற்கும் பெண்களுக்குக்கூட இது தெரிந்த சங்கதி. ஷவேஜிக்கு மட்டும் தெரியாது. தரகன் என்று சொல்லிக்கொண்டு தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு மாமரத்தடிக்கு வருவான். யாராவது ஒரு கல்லை நீட்டினால் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கி, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு பார்ப்பான். பார்த்துவிட்டு "ம்ம்" என்பான். அந்த "ம்ம்"முக்கு மேல் அவன் வியாபாரம் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இருந்தும் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால் அது அவன் மனைவி சோமொயேயின் புண்ணியம். எங்கள் யாவோ ஜனங்களில் மாப்பிள்ளைதான் பையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி ஊருக்கு வாழப் போவான். நிலம் அவளுடையது, முந்திரி மரம் அவளுடையது, அவனை அதட்ட அவள் அண்ணன் இருப்பான். சோமொயேயின் அண்ணன் மன்சூரி அதிகம் பேசாதவர். பேசினால் தைக்கும்.

அந்த வருடம் முந்திரி நன்றாகக் காய்த்தது. மூட்டைகளைத் தங்கையின் சரக்கறையில் அடுக்கிவிட்டு மன்சூரி ஷவேஜியைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, மழை புடிக்கறதுக்குள்ள இந்த வீட்டுக்குத் தகரக் கூரை ஏறணும். அதுக்குத்தான் இந்த மூட்டை. நீங்க சம்பாதிச்சுக் குடுக்க வேணாம். கெடுக்காம இருந்தாப் போதும். இதுல கைய வச்சீங்கன்னா இந்த வீட்ல உங்களுக்கு இடமில்ல."

"என்ன மச்சான், என்னையப் போயி இப்படி..." என்று ஷவேஜி நெஞ்சில் கை வைத்தான். எதற்கெடுத்தாலும் நெஞ்சில் கை வைப்பான். அது ஒன்றுதான் அவனுக்குச் சுத்தமாக வந்த வேலை.

டார்ச் பைத்தியம் அவனைப் பிடித்ததும் அந்த நாட்களில்தான். சந்தையில் பெரிய கை நிலாம் ஹாஜியார். இலங்கையின் பேருவளையிலிருந்து கல் வாங்க வந்து, தலை நரைக்கும் வரை இங்கேயே உட்கார்ந்துவிட்டவர். ஒருநாள் ஷவேஜி மூன்று பல்பு வைத்த டார்ச்சால் கல் பார்ப்பதைக் கண்டு சிரித்துவிட்டார்.

"தம்பி, மூணு பல்பு வச்சா கல்லுக்குள்ள மூணு புள்ளி மினுங்கும். எது வெடிப்பு, எது வெளிச்சம்னு எப்படிக் கண்டுபிடிப்ப? ஒத்தப் பல்பு டார்ச் ஒண்ணு வாங்கு."

வேறு ஒருவனாக இருந்தால் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி வேலையைப் பார்த்திருப்பான். ஷவேஜிக்கு அது போதுமா? ஒற்றை எல்.இ.டி இருக்கவேண்டும், உள்ளங்கைக்குள் அடங்கவேண்டும், ஆனால் தான்சானியாவிலேயே அதைவிடப் பிரகாசமாக எவன் கையிலும் இருக்கக்கூடாது. தன் கண்ணில் இல்லாத திறமையைக் கடையில் வாங்கிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டான்.

மசாசியில் தேடினான். சொங்கேயாவில் தேடினான். பெட்டிகளில் அச்சடித்திருந்த லூமன் என்ற வெளிச்சக் கணக்கை நம்பினால், அந்தக் கட்டைவிரல் அளவுச் சாமான்களில் ஒன்றை வைத்துக் கால்பந்து மைதானத்துக்கே வெளிச்சம் போட்டுவிடலாம். ஷவேஜி எல்லாவற்றையும் நம்பினான். கடைசியில், அத்தை செத்துப்போனாள் என்று சொல்லி, சோமொயே அரிசி விற்று வைத்திருந்த பணத்தோடு தார் எஸ் சலாமுக்கே பஸ் ஏறினான். அந்த அத்தை அடுத்த வெள்ளிக்கிழமை உயிரோடு வந்து, சோளக்களியும் மீனும் தின்று, துணிமணிக்கும் ஏதாவது கொடு என்று கேட்டுவிட்டுப் போனாள். சோமொயே அவளுக்கு மீன் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தாள்.

தார் எஸ் சலாமின் கரியாக்கோ கடைவீதியில் அவன் டார்ச் பொறுக்கிய அழகைச் சொல்லவேண்டும். சட்டைப்பையில் விலைபோகாத கறுத்த கல் ஒன்று வைத்திருந்தான். ஒவ்வொரு டார்ச்சின் மேலும் அதை வைத்து, எதில் அதிகம் நீலமாகத் தெரிகிறது என்று பார்த்தான். கடைக்காரன் மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் ஒன்றை எடுத்துப் போட்டான்.

"அண்ணே, கல்லுக்காரங்க இதத்தான் கேட்டு வாங்குவாங்க. வெயில் மாதிரி இருக்கும்."

"மங்கலா இருக்குப்பா. கல்லு செத்த மாதிரி தெரியுது."

செத்த கல் செத்த மாதிரித்தானே தெரியும்? கூடுதலாகப் பளிச்சிடும் டார்ச்சுகள் பெரும்பாலும் நீலம் பாய்ந்தே எரியும். நீலக்கல் வாங்குகிறவனுக்கு, கறுப்பையும் நீலமாகக் காட்டும் அதைப்போல ஏமாற்றுக்காரன் கிடையாது. ஊரில் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள், ஆனால் தன்னை ஏமாற்றும் கருவியைத் தேடி அலைந்து, பேரம் பேசி, உறையும் போட்டு வாங்கி வந்தவன் இவன் ஒருவன்தான்.

திரும்பி வந்தவன் சந்தையில் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. பட்டப்பகலில் டீக் குவளைக்குள் அடித்தான், ஆட்டின் காதுக்குள் அடித்தான், தூங்கிக்கொண்டிருந்த காவல்காரரின் வாய்க்குள் அடித்துப் பல்லை எண்ணினான். சற்று நேரத்தில் அது கை பொறுக்காத அளவு கொதிக்கும். சுட்ட மரவள்ளிக் கிழங்கைப் போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே, "பாத்தீங்களா பவரு!" என்பான்.

மக்வின்யா என்று ஒருவன் ஆற்றங்கரையில் கல் தோண்டுகிறவன். ஒரு பொட்டலம் கறுத்த கற்களை வாரக்கணக்காகச் சந்தையில் காட்டி, சீந்துவாரில்லாமல் திரிந்தவன். ஷவேஜியின் டார்ச்சைக் கண்டதும் தன் ஆள் கிடைத்துவிட்டான் என்று கண்டுகொண்டான்.

"தரகரே, இது சாதாரணக் கண்ணுக்குத் தெரியற கல்லு இல்ல. உங்க டார்ச்சு மாதிரி ஒண்ணு இருக்கறவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்."

இதைவிடப் பெரிய ஐஸ் வைக்கத் தேவையே இல்லை. சோமொயே நெல் வயலுக்குப் போயிருந்த நடுப்பகலில் இருவரும் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஷவேஜி டார்ச்சை அழுத்தினான். கற்கள் நீலமாக எரிந்தன. அவன் நெஞ்சில் கை வைத்தான். சற்றைக்கெல்லாம் மக்வின்யா கற்களைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக முந்திரி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், ஒரு மூட்டைகூட மிச்சம் வைக்காமல்.

சோமொயே வந்து காலி அறையைப் பார்த்தாள். ஷவேஜி அவள் முன்னால் டார்ச்சும் கல்லுமாக நின்றான்.

"இங்க பாரு, கடல் மாதிரி! இந்தக் கூரை என்ன, மாடி வீடே கட்டலாம்."

"வெளிய கொண்டாங்க, வெயில்ல பாப்போம்."

"வெயில்ல என்னடி தெரியும்?"

கல்சந்தை தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு பேச்சை எந்தத் தரகனும் பேசியதில்லை. காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, வெள்ளைத் தாளில் கல்லை உருட்டிப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். டார்ச்செல்லாம் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று தேட மட்டுந்தான்.

மறுநாள் காலை நிலாம் ஹாஜியார் அப்படித்தான் தாளை விரித்தார். ஷவேஜி பொட்டலத்தைக் கவிழ்த்தான். ஆட்டுப்புழுக்கையைக் கொட்டிய மாதிரி கிடந்தது. ஹாஜியார் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"ஹாஜி, இருங்க, டார்ச்சுல பாருங்க!" ஷவேஜி குனிந்து அழுத்தினான்.

"தம்பி, இதுல மோதிரம் செஞ்சு போடற பொம்பள, விரலுக்கு அடியில டார்ச்சையும் கட்டிக்கிட்டா கல்யாணத்துக்குப் போவா?"

மாமரத்தடியே சிரித்தது. வாய்க்குள் டார்ச் வாங்கிய காவல்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சிரிப்பு மன்சூரியின் காதுக்கு எட்ட நேரமாகவில்லை. மதியமே வந்துவிட்டார். வாசலில் சோமொயே விரித்த பாயில் உட்கார்ந்தார்.

"முந்திரி எங்க மாப்ளே?"

ஷவேஜி வாய் திறப்பதற்குள் சோமொயே முந்திக்கொண்டாள்.

"நான்தான் குடுக்கச் சொன்னேன், அண்ணே. நானும் டார்ச்சுல பாத்தேன். நல்லாத்தான் தெரிஞ்சுது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

முந்தின நாள் முழுக்க அவள் மன்சூரியின் மனைவியோடு வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தன் பொருளைத் தானே கொடுத்ததாக அவள் சொன்ன பிறகு அண்ணன் பேச இடமில்லை. எழுந்து செருப்பைத் தேடினார்.

ஷவேஜி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வாழ்நாளில் அவனிடம் கேட்கப்பட்ட ஆகச் சுலபமான வேலை அதுதான். அதுகூட அவனுக்கு வரவில்லை.

"அதானே மச்சான்!" என்று குரலில் தெம்பு வந்து முன்னால் வந்தான். "வெயில்ல வச்சுப் பாப்போம்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். இவதான் கேக்கல. பொம்பளைக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும், சொல்லுங்க?"

மன்சூரி செருப்பைக் காலில் மாட்டாமல் அப்படியே நின்றார். சோமொயே புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளே போய், அவன் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"அண்ணன் இங்க இருக்கும்போதே கிளம்பிடுங்க," என்றாள். "அவர் போயிட்டா எனக்கு மனசு இளகிடும்."