ஜன்னலோரத்து ஆல்தோ

துண்டு துண்டு வாக்கியங்களை வைத்தே இத்தனை வருடமும் ஆபீசில் இங்கிலீஷை ஓட்டிவிட்டேன். "ஃபைல் ரெடி சார். ஐ செண்ட். ஹி நாட் கேம்." தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு அதுவே பெரிய விஷயம். சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ இங்கிலீஷில்தான் என்று சொன்னபோது பயந்துபோனேன். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். என்னிடம் வேலை பழகியவர்களே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

தினமும் சானடோரியத்தில் ரயில் ஏறியதும் இயர்போனைச் செருகி, போனில் இலக்கணப் பாடம் கேட்க ஆரம்பித்தேன். வந்து மாட்டியது அட்வெர்ப் க்ளாஸ். வகுப்பு என்கிற க்ளாஸ் இல்லை; ஒரு காரியம் எப்போது, எங்கே, ஏன் நடந்தது என்று சொல்லும் துணைவாக்கியம். நேரத்துக்கு வென், காரணத்துக்கு பிகாஸ், நிபந்தனைக்கு இஃப். இதெல்லாம் படிந்துவிட்டது. ஆல்தோதான் படுத்தி எடுத்தது. தமிழில் 'மழை பெய்தாலும்' என்று வினையின் வாலில் ஒரு 'உம்' ஒட்டினால் வேலை முடிந்தது. இங்கிலீஷிலோ வாயைத் திறக்கும்போதே ஆல்தோ வர வேண்டும். நடுவில் 'பட்' வேறு வரக் கூடாதாம். எனக்கோ அது தானாக வந்து விழுந்தது.

லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. ஊரப்பாக்கத்தில் ஏறும் அக்கா, பையை வைத்து எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துவிடுவார். வண்டி நகர்ந்ததும் கீரை ஆய்வார்கள், பூக் கட்டுவார்கள். அவர்கள் நடுவே நான் இங்கிலீஷ் தெரிந்தவள். பேங்க் மெசேஜ் வந்தால் என்னிடம்தான் போனை நீட்டுவார்கள். அதனால் பாடம் படிப்பதைப் பற்றி மூச்சே விடவில்லை. பாட்டு கேட்பதாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுப்பேன்.

இன்டர்வியூ அன்று போனில் சார்ஜ் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். பல்லாவரம் தாண்டியதும், மடியில் கீரையோடு அக்கா கேட்டார்.

"என்ன, இன்னிக்கு ஆல்தோ இல்லையா?"

தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஆல்தோக்கா?"

"தெனம் கத்துவியே! ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஐ கேம்னு. அப்புறம் பட் போட்டுட்டேன்னு தலையில வேற அடிச்சுக்குவ."

காதை அடைத்துக்கொண்டதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கம்பார்ட்மெண்ட் முழுக்கக் கேட்டிருக்கிறது. மானம் போயிற்றே என்று கோபம்தான் முதலில் வந்தது.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. அதான் உன் படிப்பு கெடாம நாங்க மெதுவா பேசிக்கிட்டோம்."

எதிரே பூக் கட்டியவர்கள் தலையாட்டினார்கள். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? இன்டர்வியூவைச் சொன்னேன். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"ஒரு பொட்டி நெறைய பொம்பளைங்க முன்னாடி தெனம் பேசறவ, மூணு பேருக்கா பயப்படற?" என்றார் அக்கா.

சிரித்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் இழுத்துக் கட்டிய பொய்யை அவிழ்த்துப் போட்ட நிம்மதியில்தான் அன்று உள்ளே போனேன்.

இவ்வளவு காலம் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார்கள். ஆல்தோ என்று ஆரம்பித்தேன். வாக்கியம் நீளமாகப் போய், ஒழுங்காக வந்து முடிந்தது.

சாயங்காலமே வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். ஆபீசிலேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றியிருந்தேன்; பார்க் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து, வீட்டுக்கும் முன்னால், அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஹலோகூடச் சொல்லவில்லை.

"பட் போட்டியா?"

"போடலக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.