இடது கையால் போட்ட பந்து

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. எனக்கு நாகர்கோவிலில் பஸ் ஷெட்டில் வேலை, தோவாளையில் வீடு. படிப்பு எட்டோடு நின்றுபோனது. ஆண்டவன் உயரத்தை மட்டும் அள்ளிக் கொடுத்திருந்தான். அதைப் பார்த்துத்தான் ஷெட்டின் கூடைப்பந்து அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பலகையில் பட்டுத் தெறிக்கிற பந்தையெல்லாம் எட்டிப் பிடித்துவிடுவேன். கூடையில் போடத்தான் வராது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் வலது கையால் மட்டுமே போடுவேன். எதிராளிகள் வலப்பக்கம் வந்து மறித்துக்கொள்வார்கள். இடப்பக்கம் வெறுமனே கிடக்கும். பந்தை வலக்கைக்கு மாற்றுவதற்குள் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவான்.

"ஏன்வே, இடது கையில என்ன புண்ணா?" என்று கேட்டார் எங்கள் அணித்தலைவர். கண்டக்டராக இருந்தவர். "அடுத்த மாசம் எரணியல்காரனுவகூட ஆட்டம் இருக்கு. அன்னைக்கும் இப்பிடின்னா வேற ஆளப் போட்டிருவேன். தென்னமரம் நடுகதுக்கு இங்க எடமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். என் உயரம் எதற்காவது உதவியது என்றால் அந்த மைதானத்தில் மட்டும்தான்.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இடது கையால் யாருக்கும் எதையும் நீட்டிப் பழக்கமில்லை. நீட்டினால் உடம்பு கூசும். பந்தானாலும் அப்படித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பசுவுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "இத ஒத்தக் கையாலயா கறக்குதியோ?" என்று கேட்டாள்.

"ரெண்டு கையாலயுந்தான்."

"அந்தப் பாலத்தான அபிஷேகத்துக்குக் குடுக்கோம். சாமி வேண்டாம்னா சொல்லிச்சு?"

மறுநாளே, அடி போன ஒரு பூக்கூடையை மாமரக் கிளையில் கட்டினோம். பழந்துணியைச் சுருட்டி அவளே பந்து தைத்தாள். வேலைக்குப் போகுமுன் தினமும் அரை மணி நேரம். என் வலப்பக்கம் உரல்மேல் ஏறி, முறத்தைத் தூக்கிப் பிடித்து மறிப்பாள். பந்தை இடுப்புவரை இறக்கினால் முறத்தால் ஒரு தட்டு. அதனாலேயே பந்தைத் தலைக்குமேல் வைத்துக்கொள்ளப் பழகினேன். இடது கையால் எறிகிறபோது கூச்சத்தில் நான் கண்ணை மூடுவதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

"கண்ணத் தொறந்து கூடையப் பாருங்கோ. கும்புடையில மூடினாப் போதும்."

முதல் வாரம் பந்து முக்கால்வாசி தவிட்டுத் தொட்டியில்தான் விழுந்தது. பிறகு கை மெல்லப் படிந்தது.

ஆட்டத்தன்று முருகனை நினைத்துக்கொண்டு இறங்கினேன். இடது கையால் போட்ட முதல் பந்து பலகையைக்கூடத் தொடவில்லை. தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்தது பலகையில் மெல்லத் தட்டி உள்ளே இறங்கியது.

"ஏலே, கொக்குக்கு மத்தச் செறகும் மொளச்சிட்டுலே. அந்தப் பக்கம் போ" என்றான் எதிராளி ஒருவன். அவர்கள் இடப்பக்கம் ஓடினார்கள். வலப்பக்கம் திறந்தது. அப்புறம் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

ஆட்டம் என்னவோ தோற்றுத்தான் போனோம். தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாற ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துரும்வே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இருக்கச் சொல்லிட்டாரா?"

தலையாட்டினேன். "உலை கொதிக்கு" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். அடுப்பை அப்போது பற்றவைத்திருக்கவே இல்லை.