முதிரை அலுமாரிக்குள் இருந்த காற்று

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வீடு மாறியபோது எல்லாச் சாமான்களும் எங்களோடு மாடியேறின. ஏற மறுத்தது அம்மாவின் அலுமாரி ஒன்றுதான். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் கிடைத்திருந்தன. படிக்கட்டு நடுவில் ஒடுங்கித் திரும்பும். அப்பா அலுமாரியை நிமிர்த்தி அளந்தார், சரித்து அளந்தார், பிறகு படிக்கட்டை அளந்தார். மறுபடியும் அலுமாரியை அளந்தார், அதற்குள் அது கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்பதுபோல.

அது முதிரை மரத்தில் செய்தது. வடக்கே வன்னியில் அம்மாவின் தகப்பனார் தன் காணியில் நின்ற மரத்தைத் தறித்து, அம்மாவின் கலியாணத்துக்கென்று செய்வித்தது. இப்போது வன்னிக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. தகப்பனாரிடமிருந்து கடிதம் வந்து நெடுநாளாகியிருந்தது.

கீழ்வீட்டு உரிமையாளர், பொழுதுபடும் வரைதான் முற்றத்தில் வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஒழுங்கை முடியும் தொங்கலில் இருந்த பேக்கரிக்காரர் வந்து அலுமாரிக் கதவைத் தட்டிப் பார்த்தார். பாண் சுடும் போறணைக்கு நல்ல விறகு, தானே ஆள் வைத்துக் கொத்தி எடுக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். அப்பா தலையாட்டினார். அம்மா அலுமாரிக்குள்ளிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைக்கத் தொடங்கினார்.

டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்த மாமா, அம்மாவின் தம்பி, குறுக்கே வந்தார்.

“அத்தான், அந்த மரம் வன்னிக் காத்தில இருந்த காபனீரொட்சைட்டு வாயுவை இழுத்துத்தான் வளர்ந்தது. காய்ஞ்ச மரத்தில அரைவாசி காபன். அலுமாரியா நிக்குமட்டும் அது உள்ளுக்கதான் கிடக்கும். போறணைக்குள்ள போட்டா நாளைக்கே புகையாப் போயிடும்.”

“ஊர்க் காத்தைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறம் எண்டு தெரிஞ்சா, எங்களைப் பதிஞ்ச மாதிரி அதையும் பொலிஸில பதியச் சொல்லுவாங்கள்,” என்றார் அப்பா. “காபன் கிடக்கட்டும். படியில ஏறாத சாமானை என்ன செய்யிறது? தலையில வைச்சுக்கொண்டு படுக்கிறதோ?”

அம்மா சேலைகளை விட்டு நிமிர்ந்தார்.

“மரம் அரியிற வாளால அறுத்தா?”

“அறுத்தா ஒண்டும் போகாது அக்கா. எரிஞ்சாலோ உக்கினாலோதான் போகும்.”

“அப்ப அறுங்கோ.”

அப்பா பேக்கரிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அவரிடமே வாளையும் இரவல் வாங்கி வந்தார்.

அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலுமாரியை இடுப்பளவில் குறுக்கே அறுத்தார்கள். முதிரை இலேசில் விட்டுக்கொடுக்கும் மரம் அல்ல. மாமா அடிக்கடி நின்று கையை ஊதினார். “படிப்பிக்கிறது சுகம், என்ன?” என்றார் அப்பா.

சிறுபிள்ளையான எனக்கோ பெரிய கவலை. காற்று உள்ளே இருக்கிறது என்று மாமா சொல்லியிருந்தார். இவர்களோ ஓட்டை போடுகிறார்கள். அறுக்க அறுக்க மஞ்சள் தூள் கொட்டியது. அதோடு காற்றும் போகிறது என்று நினைத்தேன். வெறும் பால்மா டின் ஒன்றை எடுத்து வந்து, தூளை இரண்டு கைகளாலும் அள்ளிப் போட்டு, மூடியை அமத்தினேன். அலுமாரிக் கதவுகளையும் சாத்தச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

பொழுதுபட முன்னர் இரண்டு பாதிகளும் மாடியேறின. மேல்பாதியில் தட்டு அடித்துப் புத்தகம் வைத்தோம். கீழ்பாதியில் அம்மாவின் சேலைகள் மடிப்புக் கூட்டி அடுக்கப்பட்டன.

விளக்கு வைக்கும் நேரத்தில் நான் அறைக்குள் போனேன். அம்மா என் டின்னைத் திறந்து, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“போயிட்டுதோ அம்மா?”

“இல்லை, கிடக்குது.” மூடியை மெல்ல அமத்தினார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

தூள் மூக்குக்குள் போய்விட்டது என்று நினைத்து, நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.